நான்கு மில்லிமீட்டர்

நான் ஓய்வு பெற்ற வாரத்தில்தான் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிய இயந்திரம் வந்து இறங்கியது. முடக்குவாத நோயாளிகளுக்கு இனி காசநோய்க் கிருமி உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் மாண்டூ ஊசி கிடையாது, ரத்தப் பரிசோதனைதான் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். நோயாளியின் ரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் புரதத்தோடு ஒரு நாள் வைத்திருந்தால் போதும். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் அதில் இருந்தால் இண்டர்ஃபெரான் காமா என்ற ஒரு பொருளைச் சுரக்கும். எவ்வளவு சுரந்தது என்பதை இயந்திரம் அச்சடித்துத் தந்துவிடும். யாரும் யாருடைய கையையும் தடவிப் பார்க்க வேண்டாம்.

எனக்குச் சமோசாவும் சால்வையும் கொடுத்து வழியனுப்பிய அன்று பிராஜக்தா என்கிற இளம் டெக்னீஷியன் கேட்டாள். "காகா, ஒவ்வொரு மாண்டூவுக்கும் இன்னொரு ஆளைக் கூப்பிட்டு அளக்கச் சொல்வீங்களே, எதுக்கு? நாங்கள்லாம் பின்னாடி சிரிப்போம்." மராத்தியில்தான் கேட்டாள்; காகா என்றால் சித்தப்பா. "பழக்கம்" என்று நானும் மராத்தியில் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அது பதிலே இல்லை.

என் அப்பா மராத்தி பேசும் தேஹு ரோடு என்ற ஊரின் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். பன்னிரண்டாவது முடித்து, ஆய்வகத் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ வாங்கி, நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் சிறுநீரும் மலமும் சளியும்தான். சளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சிவப்புச் சாயம் ஊற்றி, கீழே தீ காட்டி, ஆவி எழும்பியதும் தீயை எடுத்து, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் ஊற்ற வேண்டும். மற்றதெல்லாம் நீலமாகிவிடும். காசநோய்க் கிருமி மட்டும் அமிலத்துக்கு மசியாமல் சிவப்பாகவே நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது தகடு பார்த்த காலம் உண்டு. கல்யாணமாகி சாங்வியில் வீடு பார்த்துக் குடிபோனபோது என் விரல் நுனிகளில் அந்தச் சிவப்பு போகவே இல்லை என்று என் மனைவி இன்றும் சொல்வாள்.

தாம்லே மேடம் எங்கள் துறைத் தலைவராக வந்தது அதற்குப் பிறகு. குள்ளமான உருவம். கஞ்சி போட்ட பருத்திப் புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு. தரை துடைக்கும் ஆளைக்கூட மரியாதையாகத்தான் அழைப்பார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ஒரு கேள்வி கேட்பார், பிறகு பதிலுக்காகக் காத்திருப்பார். அந்தக் காத்திருப்புதான் தாங்க முடியாது. திட்டிவிட்டால் தேவலை என்று இருக்கும்.

மாண்டூ பார்க்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். முழங்கைக்குக் கீழே உள்பக்கத் தோலில், தோலுக்கு அடியில் போய்விடாமல் தோலுக்குள்ளேயே மருந்தை ஏற்ற வேண்டும். கொசு கடித்த மாதிரி வெளுப்பாக ஒரு சின்ன மேடு எழும்பினால்தான் ஊசி சரி. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல், எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் வந்து காட்ட வேண்டும். அளப்பதில்தான் எல்லோரும் தவறு செய்வார்கள். ஊசி போட்ட இடம் சிவந்திருக்கும். புது ஆட்கள் அந்தச் சிவப்பை அளப்பார்கள்.

"கண்ணை மூடுங்க" என்றார் முதல் நாள். மூடினேன். என் விரலைப் பிடித்து ஒரு நோயாளியின் கைமேல் வைத்தார். "சிவப்பு கண்ணை ஏமாத்தும். தடிப்பு விரலுக்குத்தான் தெரியும். எங்கே ஆரம்பிக்குது, சொல்லுங்க."

பிறகு பால்பாயிண்ட் பேனாவைக் கையில் கொடுத்தார். தடிப்புக்கு வெளியிலிருந்து உள்நோக்கி மெதுவாகக் கோடு இழுக்க வேண்டும். தோல் தடித்திருக்கும் விளிம்பில் பேனா தானாக நிற்கும். அடுத்த பக்கத்திலிருந்தும் அப்படியே. இரண்டு கோடும் நின்ற இடங்களுக்கு நடுவில் உள்ள தூரம்தான் கணக்கு. 'உண்டு', 'இல்லை' என்று எழுதக் கூடாது. மில்லிமீட்டரை மட்டும் எழுத வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக அளந்து, தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்து வைக்க வேண்டும். பிறகுதான் பிரித்துப் பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்றுவது. அது அவர் போட்ட விதி.

சாதாரண ஆளுக்குத் தடிப்பு பத்து மில்லிமீட்டர் வந்தால்தான் கிருமி உள்ளே இருப்பதாகக் கணக்கு, முடக்குவாதக்காரருக்கு மட்டும் ஐந்தே போதும் என்கிறீர்களே, ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். பரிசோதனைப் படிவம் ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் வரைந்தார்.

"டி.பி. கிருமி நுரையீரலுக்குள்ள போனா ஒரு வெள்ளணு அதை விழுங்கும். ஆனா கொல்ல முடியாது. கிருமி உள்ளேயே உயிரோட உட்கார்ந்திருக்கும். அப்போ வெள்ளணுக்கள் ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். அந்தச் சேதி ஒரு புரதம். இண்டர்ஃபெரான் காமா வந்தா, விழுங்கின அணுவுக்குக் கொல்ற பலம் கூடும். இன்னொரு புரதம் டி.என்.எஃப். அது வந்தா எல்லா அணுவும் கிருமியைச் சுத்தி நெருக்கமா நின்னு அடைச்சிடும். நம்மள்ல எத்தனையோ பேரு அப்படி அடைச்சு வெச்சுக்கிட்டுத்தான் நடமாடறோம். இருமல் இல்ல, காய்ச்சல் இல்ல, தெரியவே தெரியாது. இப்ப இந்த மூட்டுக்காரங்க உடம்புல அதே டி.என்.எஃப். அளவுக்கு மீறிச் சுரந்து மூட்டைத் தின்னுது. நாம கொடுக்கற ஊசி அதைப் போய்ச் சேர விடாமப் பிடிச்சு வெச்சிடும். மூட்டு ஆறும். ஆனா அடைச்சு வெச்சிருந்த இடத்துல என்ன ஆகும்?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"திறந்துக்கும்" என்றேன்.

"அவங்க ஏற்கெனவே ஸ்டீராய்டு சாப்பிடறாங்க. அதனால தடிப்பு குறைவாத்தான் வரும். அதான் அஞ்சு. அஞ்சு வந்தா முதல்ல டி.பி. தடுப்பு மாத்திரை. குறைஞ்சது ஒரு மாசம் கழிச்சுத்தான் ஊசி."

கிரேஸ் டீச்சர் விஷயம் நடந்தது இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த பிறகுதான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

டீச்சர் தேஹு ரோட்டில் ஒரு ஆரம்பப் பள்ளியில் பாடம் எடுத்தார். என் பையன் தாத்தா வீட்டில் இருந்தபோது அவரிடம் இரண்டாவது படித்தான். அவருடைய கணவர் அந்தோணியும் நானும் சின்ன வயதில் ஒரே மைதானத்தில் கபடி ஆடியவர்கள். ஒரே மகள் ஷெரின், அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது. டீச்சருக்கு ஏழு வருடமாக முடக்குவாதம். விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டன. சாக்பீஸைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் செருகிக்கொண்டு எழுதுவார். பிறகு அதுவும் முடியாமல் போனது.

எங்கள் மருத்துவமனையில் டி.என்.எஃப்.பைப் பிடித்து வைக்கும் அந்த மூட்டு ஊசியைப் போடலாம் என்று முடிவானதும் மாண்டூவுக்கு அந்தோணியோடு என்னிடம்தான் வந்தார். செவ்வாய்க்கிழமை மதியம் நானே மாண்டூ ஊசி போட்டேன். படிவத்தில் 'வீட்டில் யாருக்காவது டி.பி. இருந்ததா' என்று ஒரு கேள்வி உண்டு.

"யாருக்கும் கெடையாது அண்ணா" என்றார். தெரிந்தவர் என்பதால் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் லோக்கல் ரயிலில் வந்தார்கள். அந்த வாரம் தாம்லே மேடம் விடுப்பில் இருந்தார். டீச்சர் கையை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். பேனாவை இழுத்தேன். அளந்தேன். ஆறு.

என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"என்னண்ணா? சரியில்லையா?"

"கொஞ்சம் இருக்கு டீச்சர். அப்படின்னா மொதல்ல மாத்திரை. ஒரு மாசம், ஒண்ணரை மாசம் தள்ளிப்போகும்."

"ஜூன்ல ஸ்கூல் தொறக்கறாங்க அண்ணா. போர்டுல எழுத முடியலைன்னா இந்த வருஷம் வேற ஆள வெச்சுக்கறேன்னு பிரின்சிபல் சொல்லிட்டாங்க. நான் என்ன வீட்ல உக்காந்து இந்தக் கைய பாத்துட்டு இருக்கறதா?" அவர் அழவில்லை. கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தோணி பக்கத்தில் தலை குனிந்து நின்றார்.

பழைய கோட்டை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். விளிம்பு மெத்தென்றுதான் இருந்தது. பேனாவைக் கொஞ்சம் அழுத்தினால் அந்த மாதிரி விளிம்பைத் தாண்டிவிடும். நான் அழுத்தினேனா, கை தானாக அழுத்தியதா என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. பேனா உள்ளே தள்ளி நின்றது. அளவுகோலை வைத்தேன். நான்கு.

நான்கு என்று எழுதினேன்.

இரண்டாவது ஆள் வேண்டுமே. அடுத்த அறையில் இன்னொரு டெக்னீஷியன் ஷிண்டே டீ குடித்துக்கொண்டிருந்தான். ரிஜிஸ்டரை நீட்டினேன். "கிதி?" என்றான், எவ்வளவு என்று. "சார்" என்றேன், மராத்தியில் நான்கு. கப்பைக் கீழே வைக்காமலே கையெழுத்துப் போட்டான். பத்தடி தூரத்தில் இருந்த கையை அவன் வந்து பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவன் பார்த்தால் ஆறு என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயம் இருந்தது. அந்தப் பயத்தை அப்போதே என்னால் உணர முடிந்தது. இருந்தும் கூப்பிடவில்லை.

எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தது. மூட்டு ஊசியை ஆரம்பித்தார்கள்.

மூன்றே வாரத்தில் வீக்கம் வடிந்தது. ஜூன் கடைசியில் டீச்சர் தன்னந்தனியாக ஆய்வகத்துக்கு வந்தார். வாசலிலேயே நின்று விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினார். "இந்த வாரம் ஷெரினுக்கு ரெட்டைப் பின்னல் நான்தான் போட்டேன் அண்ணா. அது கண்ணாடியில பாத்துட்டே இருந்துச்சு." அவர் போன பிறகு எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒரு விதியைக் கொஞ்சம் வளைத்து ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று அன்று நினைத்தேன்.

ஆகஸ்டில் காய்ச்சல் வந்தது. தினமும் சாயங்காலம் வரும், விடிந்தால் விட்டுவிடும். மழைக்கால ஜுரம் என்று பக்கத்து டாக்டர் மாத்திரை கொடுத்தார். பிறகு டைஃபாய்டு என்றார்கள். டீச்சர் எங்கள் மருத்துவமனைக்கு வந்தபோது கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டிகள் இருந்தன. எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கக் கம்பு இறைத்த மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள்.

கட்டியில் ஊசியால் உறிஞ்சி எடுத்ததை எனக்கு அனுப்பினார்கள். சாயம் ஏற்றினேன். கழுத்துக் கட்டியிலிருந்து வரும் தகட்டில் ஒரு கிருமியைப் பார்க்க நூறு இடம் தேட வேண்டியிருக்கும். சில சமயம் கிடைக்காமலே போகும். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்த முதல் இடத்திலேயே எண்ண முடியவில்லை. தகட்டை நகர்த்தினேன். அங்கும் அப்படியே. நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் கொத்துக்கொத்தாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றி நெருங்கி நிற்க வேண்டிய அணுக்கள் ஒன்றிரண்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. சேதியே போய்ச் சேராத இடம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்த்தேன்.

தாம்லே மேடத்தைக் கூப்பிட்டேன். பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி பார்த்தார். "மாண்டூ ரிஜிஸ்டரைக் கொண்டு வாங்க" என்றார்.

என் விரலால் அந்த வரியைக் காட்டினேன். நான்கு. இரண்டு கையெழுத்து.

"ஷிண்டே அளந்தாரா?" குரல் தாழ்ந்திருந்தது.

அவர் காத்திருந்தார். வெளியே யாரோ டிராலி தள்ளிக்கொண்டு போகும் சத்தம் நீளமாகக் கேட்டு அடங்கியது.

"இல்ல மேடம்."

"முதல் தடவை எவ்வளவு வந்தது?"

முதல் தடவை, இரண்டாம் தடவை என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை. அவருக்கு எப்படித் தெரிந்ததோ. "ஆறு" என்றேன்.

ரிஜிஸ்டரை மூடினார். "அவங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்களே சொல்லணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நிர்வாகத்திடம் அவர் எழுதிக் கொடுத்தார். குழு கூடியது. இந்த மருந்துக்கு இப்படி ஒரு ஆபத்து உண்டென்று தெரிந்ததுதான், நோயாளி சம்மதம் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான்கோ ஆறோ, இருவர் அளந்தால் ஒன்றிரண்டு வித்தியாசம் வரத்தான் செய்யும் என்று முடித்துவிட்டார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம்கூட வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டீச்சருக்கு அந்த ஊசியை நிறுத்தி, டி.பி. மருந்தை ஆரம்பித்தார்கள். நிறுத்தியதும் மூட்டுகள் பழி வாங்குவதுபோல் வீங்கின. டி.பி. மருந்தால் மஞ்சள் காமாலை வந்தது. அதையும் பாதியில் நிறுத்தி, மாற்றி, மறுபடி ஆரம்பித்தார்கள். நான் தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வார்டுக்குப் போவேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் படியேறினேன்.

ஒரு நாள் அவரே ஆரம்பித்தார். "அண்ணா, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். எங்கம்மாவுக்கு டி.பி. இருந்துச்சு. நான் எட்டாவது படிக்கறப்ப அதுலதான் செத்தாங்க. மாமியார் வீட்ல அது தெரியாது. அதான் அன்னைக்கு அந்தோணி பக்கத்துல நிக்கையில சொல்லல. நீங்க நல்லாத்தான் பாத்தீங்க. நான்தான் மறைச்சுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

அப்போது என் வாய்வரை வந்தது. டீச்சர், நீங்கள் மறைத்ததை உங்கள் கை மறைக்கவில்லை, அது ஆறு என்று சொல்லத்தான் செய்தது, நான்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ரெஸ்ட் எடுங்க டீச்சர்" என்றேன். அவர் குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். அதை எடுத்துவிட என்னால் முடிந்திருக்கும். எடுக்காமல் படியிறங்கி வந்தேன்.

அக்டோபரில் இறந்துபோனார். அடக்கத்தில் அந்தோணி என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் வீட்டுக்குப் போய் வந்தேன். மாண்டூ அளக்கும்போதெல்லாம் இரண்டாவது ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். மேடம் ஓய்வு பெற்றுப் போகும்போதுகூட "சொன்னீங்களா?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன்.

நான் ஓய்வு பெற்ற மூன்றாவது மாதம் அந்தோணி போன் செய்தார். "தேவராஜு, ஷெரினுக்கும் வெரலு வீங்குது. காலைல பிரஷ் புடிக்க முடியல. அம்மாவுக்குப் போட்ட அதே ஜாதி ஊசிய போடணும்ங்கறாரு டாக்டர். இவ ஒரே புடியா முடியாதுன்றா. நீ ஒருவாட்டி வந்து சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் கோயிலுக்குப் போய் வந்த பிறகு போனேன். ஷெரினுக்கு இப்போது இருபத்தைந்து வயது. மென்பொருள் நிறுவனத்தில் வேலை. தமிழ் தட்டித் தடவித்தான் வரும்.

"நக்கோ அங்கிள். எனக்கு அது வேணாம். அந்த இன்ஜெக்ஷன்லதான் மம்மி போயிட்டா. நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன்."

ஊசி இல்லாவிட்டால் அந்த விரல்கள் எந்தப் பக்கம் சாயும் என்று எனக்குத் தெரியும். அவளைச் சம்மதிக்க வைக்க உண்மையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை. சொன்னேன். ஆறு வந்ததை, நான்கு எழுதியதை, ஷிண்டேயின் கையெழுத்தை, வார்டில் அவள் அம்மா சொன்னதை, நான் சொல்லாமல் வந்ததை. ஒழுங்காகப் பார்த்து, முதலில் மாத்திரை கொடுத்து, பிறகு ஊசி போட்டிருந்தால் அம்மா பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்றேன். தப்பு மருந்தில் இல்லை என்றேன்.

அந்தோணி அசையாமல் உட்கார்ந்திருந்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

நான் அவரையே பார்த்தேன்.

"ஒங்க லேப் பெரிய டாக்டரம்மா வந்துச்சு. கிரேஸுக்கு நாப்பதாம் நாள் பூசை முடிஞ்சப்புறம், ஸ்டேஷன்லருந்து ஷேர் ஆட்டோ புடிச்சு. இங்கதான் உக்காந்து எல்லாத்தயும் சொல்லுச்சு. அவரே வந்து சொல்வாரு, பொறுத்துப் பாருங்கன்னுச்சு. நானும் பாத்தேன். நீ வருவ, கேக் சாப்புடுவ, போயிடுவ. மூணு நாலு கிறிஸ்மஸ் பாத்தேன். அப்பறம் பாக்கறத விட்டுட்டேன்."

ஷெரின் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "பப்பா, உங்களுக்குத் தெரியுமா? இத்தன வருஷமா?" அவள் என்னிடம் திரும்பினாள். "அங்கிள், நீங்க ஏன் ஃபோர் எழுதுனீங்க?"

"டீச்சருக்கு உதவி பண்றதா நெனச்சேன்மா."

"இப்பவும் எனக்கு அங்க யாராச்சும் ஹெல்ப் பண்ணுவாங்கல்ல?"

இப்போது மெஷின் வந்துவிட்டது, யாரும் கையால் அளப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் எழுந்துவிட்டாள். உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளை நகர்த்த முயன்று, முடியாமல், மறுபடி முயலும் சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது. கடைசியில் நின்றுவிட்டது. கதவு ஒரு விரல் அளவு திறந்துகொண்டது. அந்தோணி எழுந்து போய் வெளியிலிருந்து அதை இழுத்துச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ ஆறிப்போயிருந்தது. அவர் குடிக்கச் சொல்லவில்லை.

இது நடந்து ஐந்து மாதமாகிறது. நான் போன் செய்தால் அந்தோணி எடுக்கிறார். "போட்டுக்கிட்டாளா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். பிறகு போனை வைத்துவிடுவார்.